உரிமையையும் கடமையையும் இளைஞர்களோடு பேசுவது எப்படி

படிவம் நான்கு, ஐந்தில் படிக்கும் பிள்ளைகளையும், பள்ளியை முடித்துச் செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மனித உரிமை எதன்மேல் நிற்கிறது? அதனால் யார்மேல் என்ன கடமை விழுகிறது? இவையே நாங்கள் பேசும் கேள்விகள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை எங்கள் ஊர். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். சுற்றியிருக்கும் தோட்டத்து மக்களின் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இங்கே கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் இப்படி ஒரு வட்டம் நடத்துகிறேன்.

நான் ஆசிரியை அல்ல, வழக்கறிஞரும் அல்ல. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கும் வேலை. நான் செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டை எழுதினேன். யாருக்கு முழு நாள் கூலி, யாருக்கு அரை நாள், யாருக்கு ஏன் வெட்டு விழுந்தது என்று எழுதி எழுதித்தான் இந்தக் கேள்விகள் எனக்குள் முளைத்தன. பிள்ளைகள் பள்ளியில் நன்னெறிக் கல்வி படிக்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நெறி, அலுவலக வாசலில் கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டும்போது நினைவுக்கு வருவதில்லை. அதற்கு வேறு விதமான பயிற்சி வேண்டும்.

முன்னேற்பாடு

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் பேசுவார்கள். பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். ஒரு கரும்பலகை, சிவப்பும் நீலமுமாகப் பேனாக்கள், தேநீர், ஏதாவது கொறிக்க. வேலை முடிந்து நேராக வருகிற பிள்ளை பசியோடு அமர்ந்து நியாயம் பேச முடியாது.

இரண்டு ஆவணங்களைப் படியெடுத்து வையுங்கள். ஒன்று, ஐக்கிய நாடுகள் சபையின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம். 30 பிரிவுகள், தமிழிலேயே கிடைக்கிறது. இன்னொன்று, நம் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் பகுதி, 5ஆவது விதியிலிருந்து 13ஆவது விதி வரை. அதை மலாயிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். முதல் கூட்டத்தில் இரண்டையும் எடுக்க வேண்டாம். பையிலேயே இருக்கட்டும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரைக் கட்டாயம் அழையுங்கள். தாத்தாவோ பாட்டியோ, யாராக இருந்தாலும் சரி. கட்சிக்காரரை அழைக்காதீர்கள். அழைத்தால் அந்த மாலை அவருடையதாகிவிடும்.

சைக்கிளிலிருந்து தொடங்குங்கள்

பாரிஸிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் தொடங்கினால் பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நம் மண்ணில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நான் எப்போதும் எடுப்பது 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனும் அதில் முன்னின்றார்கள். அரசாங்கம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. படைகளை இறக்கி வேலைநிறுத்தத்தை அடக்கியது.

தொழிலாளர்கள் கேட்டவற்றைப் பலகையில் எழுதுங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்குக் கல்வி. ஒழுங்கான மருத்துவ வசதி. கள்ளுக்கடைகளை மூடுவது. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோவது. பேசவும் கூடவும் சுதந்திரம். இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையில் நிறுத்துங்கள். அவசரப்படாதீர்கள். "கூலி ஏன் கேட்டார்கள் என்பது புரிகிறது. இதை ஏன் கேட்டார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

முதலில் யாராவது ஒரு பையன், இறங்கி ஏறினால் வேலைக்குத் தாமதமாகும் என்பான். இருக்கலாம், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் கௌரவம் என்பார். அப்போது பெரியவரைப் பேசச் சொல்லுங்கள். எங்கள் வட்டத்துக்கு வரும் பாட்டி, தன் அப்பா துரையின் முன்னால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற விதத்தை எழுந்து நின்று காட்டுவார். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்கத் தேவையிருப்பதில்லை.

பிள்ளைகள் கண்டுகொள்ள வேண்டியது இதுதான். சைக்கிளிலேயே இருப்பதால் ஒரு காசு கூடக் கிடைக்காது. வயிறும் நிறையாது. ஆனாலும் கூலியோடும் மருந்தோடும் ஒரே பட்டியலில் அதையும் வைத்தார்கள். நானும் உன்னைப் போல மனிதன், என் உடம்பை உனக்கு முன்னால் தாழ்த்திக் காட்டும்படி நீ கட்டளையிட முடியாது என்பதே அதன் பொருள். அதை மாண்பு என்கிறோம். நல்ல வேலைக்காரன், கெட்டிக்காரன், வயதில் பெரியவர் என்று பார்த்துத் தருகிற மரியாதை ஏறும், இறங்கும். மாண்பு யாரும் கொடுத்து வந்ததில்லை, அதனால் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. மற்ற கோரிக்கைகளையும் இதே கண்ணோடு திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். உறவினர் வந்துபோவதற்கு ஏன் அனுமதி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடும்படி ஏன் தாங்களே கேட்டார்கள் என்பதெல்லாம் அப்போது தெளிவாகும்.

அது எங்கிருந்து வருகிறது?

இது கடினமான பகுதி. தள்ளிப்போடாதீர்கள். "மாண்பு உண்டு என்கிறோம். எதனால்?" என்று கேளுங்கள். பொதுவாக நான்கு விடைகள் வரும்: சட்டம், கடவுள், அறிவு, வலி. ஒவ்வொன்றையும் மதித்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்.

சட்டம் என்று சொல்கிறவர்களிடம்: 1941இன் சட்டம் தொழிலாளர் பக்கம் இல்லை. அப்படியானால் அவர்கள் கேட்டது தவறா? ஒருவரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். சட்டத்தையே நல்லது, கெட்டது என்று நாம் அளக்கிறோம் என்றால், அளவுகோல் சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது. பிரகடனம் நிறைவேறிய ஆண்டையும் இங்கே சொல்லுங்கள். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் 48 நாடுகள் ஆதரித்தன, ஒன்றும் எதிர்க்கவில்லை, 8 நாடுகள் விலகி நின்றன. ஆதரித்தவற்றில் பிரிட்டனும் ஒன்று. அதே ஆண்டு ஜூன் மாதம் அதே பிரிட்டன் மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்து, ஆட்களை விசாரணையின்றிக் காவலில் வைக்கத் தொடங்கியிருந்தது. சட்டத்தில் எழுதுவதும் கைதூக்குவதும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம். இதற்காகச் சட்டத்தை இகழவும் விடாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025இல் 1,700 ஆனது. அந்த எண்ணைச் சட்டம்தான் தர முடியும். உழைக்கிறவர் உயிர் வாழும்படி கூலி இருக்க வேண்டும் என்ற நியாயம் எண்ணுக்கு முந்தியது.

கடவுள் என்று சொல்கிறவர்களிடம்: எங்கள் வட்டத்தில் இதுதான் பெரும்பாலோரின் விடை; கோயில் மண்டபத்தில் அமர்ந்துகொண்டு நானும் அதை எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் வேறு கடவுளை வணங்குகிறவரும், எதையும் வணங்காதவரும் அதே உரிமையை ஏற்க வேண்டுமே, அவர்களிடம் எப்படிப் பேசுவாய் என்று கேளுங்கள். பிரகடனத்தை எழுதும்போதும் இது வந்தது. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று முதல் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று பிரேசில் கேட்டது. சீனப் பிரதிநிதி பி. சி. சாங் மறுத்தார், எல்லா மரபினரும் ஏற்கும்படி அது இருக்க வேண்டும் என்றார். கடைசியில் கடவுள் பெயரும் இல்லை, கடவுள் மறுப்பும் இல்லை. நம்புகிறவர் தம் நம்பிக்கையின் வழியாக அங்கே வந்து சேரலாம்.

அறிவு என்று சொல்கிறவர்களிடம்: ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதியதை எளிமையாகச் சொல்லுங்கள். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, ஏனென்றால் எது செய்வது என்று தானே யோசித்துத் தீர்மானிக்கக்கூடியவர் மனிதர். எனக்கு இது மிகவும் நெருக்கமான சிந்தனை. செக்ரோலில் மனிதர் ஓர் எண். கூலிக் கணக்குக்கு எண் வேண்டும், அதில் குற்றமில்லை. அந்த எண்ணோடு அவரை முடித்துக்கொண்டால்தான் குற்றம். காய்ச்சலில் கிடக்கிறவரின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்காத அலுவலகம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. இதைச் சொன்ன பிறகு கேளுங்கள்: பச்சைக் குழந்தைக்கு? நினைவு தப்பிய பாட்டிக்கு? யோசித்துத் தீர்மானிக்க முடியாதவருக்கு உரிமை இல்லையா?

வலி என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் உள்ளே வருவார்கள். பசிக்கும், நோகும், அவமானம் சுடும், அதனால் உரிமை என்பார்கள். நல்ல விடை. பிரகடனத்தின் முதல் பிரிவை இப்போதுதான் பையிலிருந்து எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மனிதர் யாவரும் மாண்பிலும் உரிமையிலும் சமமாகவே பிறக்கின்றனர், பகுத்தறிவும் மனச்சாட்சியும் உடையவர்கள் என்கிறது அது. பகுத்தறிவு மட்டும் போதாது, எதிரே இருப்பவரும் மனிதர் என்று உணரும் தன்மையும் வேண்டும் என்று வாதிட்டவர் அதே பி. சி. சாங், கன்பூசிய மரபின் 'ரென்' என்ற கருத்தை மனத்தில் வைத்துப் பேசினார். மனச்சாட்சி அப்படித்தான் உள்ளே வந்தது. ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்த தொடக்க வாசகத்தை எல்லா மனிதரையும் குறிக்கும்படி மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. பெண் பிள்ளைகள் இருக்கும் வட்டத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள்.

நான்கில் எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உரிமைகளில் நாங்கள் ஒத்துப்போகிறோம், ஆனால் ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்ற நிலை அந்தக் காலத்து அறிஞர்களுக்குள்ளேயே இருந்ததைப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜாக் மாரிதேன் பதிவு செய்திருக்கிறார். ஆனால் "அவரவர்க்கு ஒரு கருத்து" என்று பேச்சை மூடவும் விடாதீர்கள். வேர்கள் வேறாக இருந்தும் நான்கும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: தகுதியைக் காட்டி வாங்க வேண்டியதில்லாத ஒன்று ஒவ்வொரு மனிதரிடமும் இருக்கிறது. அதுவரைக்கும் வந்துவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

யார் தோளில்?

இனிமேல்தான் கடமை. நாங்கள் செய்யும் முக்கியமான பயிற்சி இது. முழு மாலையையும் இதற்கே கொடுங்கள்.

பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். யாருக்கு உரிமை, எதற்கு உரிமை, அதனால் யார்மேல் கடமை. மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியாத உரிமை வெறும் ஆசையாகவே நின்றுவிடும். பிள்ளைகள் முதலிரண்டையும் வேகமாக நிரப்புவார்கள். மூன்றாவதில் அரசாங்கம் என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்கள். அங்கே விடாதீர்கள்.

மருந்து அடிக்கும் பெண்களை எடுத்துக்கொள்வோம். முதுகில் களைக்கொல்லிக் கலனைச் சுமந்து செம்பனை வரிசைகளுக்கு இடையே நடக்கிறவர்கள். என் அண்டை வீட்டாரின் கைவிரல் நகங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உடல்நல உரிமை உண்டு. யார்மேல் கடமை? அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹென்றி ஷூ 1980இல் தந்த வழி எனக்கு மிகவும் உதவியது. ஒவ்வோர் அடிப்படை உரிமைக்கும் எதிரே மூன்று கடமைகள் நிற்கின்றன என்றார் அவர்: பறிக்காதிருப்பது, பறிக்கிறவரிடமிருந்து காப்பது, பறிகொடுத்தவருக்கு உதவுவது.

இதை ஒவ்வொன்றாக நிரப்பச் சொல்லுங்கள். பறிக்காதிருக்க வேண்டியவர், முதலில் வேலை கொடுப்பவர். கையுறையும் முகமூடியும் இல்லாமல் அனுப்பக் கூடாது; கலனில் இருப்பது என்ன என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இந்தக் கடமையை அவர்மேல் வைக்கிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. காக்க வேண்டியது அரசாங்கம். பாராகுவாட் களைக்கொல்லியை 2002இல் தடை செய்ய முடிவெடுத்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1இலிருந்துதான் முழுமையாகத் தடை செய்தார்கள். அந்த இடைவெளியில் கலனைச் சுமந்தவர்கள் நம் அக்காமார்கள். உதவ வேண்டியவர்கள் மருத்துவமனையும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவும், கூடவே நாமும். அவர்களைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையன் பெயரும் அந்தக் கட்டத்தில் வர வேண்டும். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதும் நேரம் இது.

அதே சட்டம் தொழிலாளிக்கும் கடமை வைத்திருப்பதை மறைக்காதீர்கள். கொடுத்த பாதுகாப்புக் கவசத்தை அணிய வேண்டும். தன் செயலால் தனக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கலனைக் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றுகிறவர் ஓடைக்குக் கீழே மீன் பிடிக்கிறவரின் உரிமையைத் தொடுகிறார். இப்படித் தேடினால் ஒவ்வொருவர் பெயரும் உரிமைக் கட்டத்திலும் வரும், கடமைக் கட்டத்திலும் வரும்.

'முதலில் கடமையைச் செய்' என்று ஒருவர் சொல்வார்

கட்டாயம் சொல்வார். பெரும்பாலும் நல்ல மனிதராக, உழைத்து முன்னேறியவராக இருப்பார். "கடமையைச் சரியாகச் செய்தால் உரிமை தானாக வரும்" என்பார். இதற்கு நீங்கள் தயாராக இல்லையென்றால், கட்டம் போட்டு எழுதிய அத்தனையும் வீணாகிவிடும்.

இந்தக் கருத்துக்குப் பெரிய ஆதரவு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 1947இல் யுனெஸ்கோ உலகெங்கும் அறிஞர்களிடம் மனித உரிமை பற்றிக் கருத்துக் கேட்டபோது, அதன் தலைமை இயக்குநர் ஜூலியன் ஹக்ஸ்லிக்குக் காந்தி சுருக்கமாக ஒரு பதில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் ஞானமுள்ள தம் தாயிடமிருந்து, உரிமைகள் எல்லாம் நன்றாகச் செய்த கடமையிலிருந்தே வருகின்றன என்று கற்றதாகச் சொன்னார்.

காந்தியின்மேல் எனக்குள்ள மதிப்பு பெரியது. ஆனாலும் இந்த வாக்கியத்தைத் தோட்டத்தில் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். துரை தொழிலாளியிடம் சொல்வார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கைக்கீழ் இருப்பவரிடம் சொல்வார், அப்பா மகளிடம் சொல்வார். மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகாரம் உள்ளவர் தம்மிடமே சொல்லிக்கொள்ளும்போது அது அருமையான வாக்கியம்: நான் என் கடமையைச் செய்தால் இவருடைய உரிமை பத்திரமாக இருக்கும். எளியவரின் முகத்துக்கு நேரே சொல்லும்போது அது கதவைச் சாத்துவதாகிவிடுகிறது.

வாதத்தைக் குழந்தையிலிருந்து காட்டுங்கள். ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்த பிள்ளை எந்தக் கடமையையும் செய்யவில்லை. பாலுக்கும் பாதுகாப்புக்கும் அதற்கு உரிமை இல்லையா? உண்டு என்றால், உரிமை கடமைக்குக் கூலியாக வருவதில்லை. அடுத்து வேலைக்குச் சொல்லாமல் நின்றுவிட்ட ஆளை எடுங்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை, சரி. எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம், சரி. அவரை அடிக்கலாமா? வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தலாமா? பிள்ளையைப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றாமல் விடலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். எங்கே கைகள் நின்றுவிடுகின்றன என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். நடத்தையால் இழக்கக்கூடியவை சில உண்டு. மனிதராக இருப்பதால் வந்தவை அந்தப் பட்டியலில் சேரா.

பிறகு பிரகடனத்தின் 29ஆவது பிரிவைப் படியுங்கள். ஒவ்வொருவருக்கும் சமுதாயத்துக்கான கடமைகள் உண்டு, அந்தச் சமுதாயத்தில்தான் அவருடைய ஆளுமை முழுமையாக வளர முடியும் என்கிறது. கடமையைச் செய்யாதவனுக்கு மற்ற 29 பிரிவுகளும் கிடையாது என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் மிரட்ட முடியாது.

லயத்தில் இப்போது இருப்பவர்கள்

நம் தாத்தா பாட்டி இருந்த அறைகளில் இப்போது வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அவர்களைப் பற்றிப் பேசாமல் எழுந்துபோனால் நாம் பேசியதில் உண்மை இல்லை.

ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டு வந்து வாசியுங்கள்: 'ஊரில் பிழைப்பு இல்லை. அழைத்துவந்தவருக்கு ஆள் கணக்கில் பணம் கிடைத்தது. வந்த செலவு இவர் பெயரில் கடனாக விழுந்தது. ஒரே அறையில் பலர். ஊர் மொழி தெரியாது. கழிவு போக மிஞ்சியதை வீட்டுக்கு அனுப்புகிறார். நினைத்த நேரத்தில் வேறு இடத்துக்குப் போக முடியாது.' இது யார் என்று கேளுங்கள். பிள்ளைகள் எதிர்த்தாற்போல் இருக்கும் விடுதியைக் காட்டுவார்கள். இப்போது பெரியவர் பேசட்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பிறகும் கங்காணிமார் கிராமத்துக்குப் போய் ஆள் சேர்த்துவந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை அது நடந்தது. தன் ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இரண்டு காசு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அந்தத் தாளில் இருப்பது பாட்டியின் அப்பா கதையும்தான்.

யாராவது ஒருவன் எழுந்து, "இது நம் நாடு, அவர்கள் விருந்தாளிகள்" என்பான். அவனை அடக்காதீர்கள். இரண்டாவது ஆவணத்தை எடுத்துக் கொடுத்து, எல்லாருக்கும் உரியவை நீல மையிலும், குடிமக்களுக்கு மட்டும் உரியவை சிவப்பு மையிலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். 9ஆவது விதியின் நடமாட்டச் சுதந்திரமும் 10ஆவது விதியின் பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவையும் குடிமக்களுக்கு என்று சிவப்பில் வரும். அவன் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் 5ஆவது விதியின் உயிரும் உடற்சுதந்திரமும், 6ஆவது விதியின் அடிமைத்தனத் தடை, கட்டாய உழைப்புத் தடையும், 8ஆவது விதி தொடங்கும் சட்டத்தின் முன் சமத்துவமும், 11ஆவது விதியின் மத சுதந்திரமும் நீலத்தில் நிற்கும். நாட்டின் தலையாய சட்டமே மனிதர் என்பதால் வருவது இது, குடிமகன் என்பதால் வருவது இது என்று பிரித்து வைத்திருக்கிறது. எந்த உரிமை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் வாதாடட்டும். சங்கம் சேரும் உரிமை நீலத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, அதையும் சொல்வேன்.

கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொல்லித் தொழிலாளியின் கடப்பிதழை வாங்கிப் பூட்டி வைப்பது இங்கே சாதாரணமாகிவிட்டது. 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி, அதிகாரமின்றி இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். அலுவலக வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை அந்த அலமாரியின் சாவி இவர்கள் கையில் இருக்கும். அப்போது என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "மேலதிகாரி சொன்னால் என்ன செய்வது ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் வேலையைப் பணயம் வை என்று நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. வைத்திருக்கச் சொன்னால் எழுத்தில் கேள், தொழிலாளி கேட்ட நிமிடம் கொடுத்துவிடு, கொடுக்காதே என்றால் அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்டு எங்களிடம் வா என்றேன். அவள் தனியாக நிற்கும்படி விடக் கூடாது என்பது எங்கள் கடமை.

இரண்டு உரிமைகள் மோதினால்

ஆடித் திருவிழா ஒலிபெருக்கியும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், இரவு வேலை முடித்துத் தூங்கும் ஆலைத் தொழிலாளியும் போதும், வேறு உதாரணம் தேட வேண்டாம். 29ஆவது பிரிவு, மற்றவரின் உரிமையை மதிப்பதற்காக ஓர் உரிமையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. எது முழுதாகப் பறிபோகிறது, எது கொஞ்சம் சுருங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். வழிபாடு நிற்கவில்லை, ஒலிபெருக்கி மட்டும் குறைகிறது. எங்கள் கோயில் நிர்வாகத்திடம் பிள்ளைகளே போய்ப் பேசி, இரவில் ஒலியைக் குறைக்க வைத்தார்கள்.

வெளியே போகும்போது

பேச்சோடு நின்றால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள், அவர்கள் சலிப்பது நியாயம். சில மாலைகளுக்குப் பிறகு, பலகையின் மூன்றாவது கட்டத்தில் தங்கள் பெயர் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கூலிச் சீட்டை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு உட்கார்ந்து விளக்குவது, அடையாள அட்டை இல்லாத பக்கத்து வீட்டுப் பையனின் பிறப்புப் பத்திரத்தைத் தேட அவன் அம்மாவோடு பதிவு இலாகாவுக்குப் போவது, தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க ஒருவருக்குத் துணையாகப் போவது. 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சுஹாகாம் என்ற மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் எழுதலாம். எப்படி எழுதுவது என்று ஒரு மாலையில் பழகிக்கொள்ளுங்கள். தேதி, இடம், நடந்தது, யார் பார்த்தது, இவ்வளவுதான். கோபத்தை எழுத வேண்டாம், நடந்ததை எழுதினாலே போதும்.

உதவப் போகிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்பவை சில உண்டு. பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் ஒரு வரி கூட எழுதக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவருடைய உரிமையை அவருக்காக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. முகத்தைப் படம் எடுத்துப் போடக் கூடாது. நமக்குக் கைதட்டல் கிடைக்கும், அவருக்கு வேலை போகும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அதற்கும் மேலே, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருவரும் தனியாகப் போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும்; போகுமுன் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அடுத்த கூட்டத்தைப் புதுத் தலைப்போடு தொடங்காதீர்கள். போய்வந்த இருவரும் முதலில் பேசட்டும்: யாரைப் பார்த்தார்கள், என்ன பதில் கிடைத்தது, எந்தத் தாள் குறைவாக இருந்தது. போக முடியாமல் போயிருந்தால், எது தடுத்தது என்று அவர்களிடம் திட்டாமல் கேட்டு, பலகையில் மறுபடியும் மூன்று கட்டம் போடுங்கள்.